கோப்பின் பிரயாணம்

இங்கே தெரிவது அங்கே ஏன் தெரியவில்லை?

இணையதளம் ஒன்றை முதன்முதலாகத் தாமே அமைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் எழாமல் இருப்பதில்லை. எழுத்துக்களையும் படங்களையும் பல நாள் சிரத்தையுடன் ஒழுங்குபடுத்தித் தம் கணினியின் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அது மனத்துக்கு நிறைவாகவே தோன்றுகிறது. உலாவியின் உச்சியில் ஒரு முகவரியும் தெரிகிறது. அந்த முகவரியை அப்படியே எடுத்து வெளியூரிலிருக்கும் உறவினருக்கு அனுப்பினால், அவரோ தமக்கு ஒன்றுமே வரவில்லை என்கிறார். பக்கம் இருக்கிறது, முகவரி இருக்கிறது, இரண்டு கணினிகளும் ஒரே இணையத்தில்தான் இணைந்திருக்கின்றன. பின் ஏன் இங்கே தெரிவது அங்கே தெரிவதில்லை?

விஷயம் இதுதான். உலாவியின் உச்சியில் தோன்றிய அந்த முகவரி, தளத்தை அமைத்தவருடைய சொந்தக் கணினியின் வட்டில் எந்த ஃபோல்டருக்குள் அந்தக் கோப்பு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லுகிறது. உறவினரின் உலாவி அதே முகவரியைத் தன் கணினியின் வட்டில் தேடுகிறது. அங்கே அப்படியொரு கோப்பு இல்லாமையால் வெறுங்கையுடன் திரும்புகிறது. உலகத்தார் அனைவரும் ஒரு பக்கத்தைக் காண வேண்டுமானால், இரவும் பகலும் அணையாமல், கேட்பவர்க்கெல்லாம் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கணினியில் அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும். அத்தகைய கணினியைத்தான் சர்வர் என்கிறோம். அதில் சிறிது இடத்தை வாடகைக்கு விடுவது ஹோஸ்டிங் நிறுவனங்களின் வியாபாரம். வாடகைக்கு எடுத்தவருக்குப் பெரும்பாலும் ‘பப்ளிக் எச்.டி.எம்.எல்.’ என்ற பெயருடைய ஒரு ஃபோல்டர் கிடைக்கிறது. அதற்குள் வைக்கப்படுவதே உலகத்தின் கண்ணுக்குப் படும்.

அப்படியானால், நம் வட்டிலுள்ள கோப்பு அந்தத் தொலைதூர ஃபோல்டருக்குள் போய்ச் சேருவது எவ்வாறு? ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை இழுத்துப் போடுவது போலவே திரையில் தோன்றினாலும், உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. தன் வட்டில் எழுதும் அதிகாரத்தை எந்தச் சர்வரும் அயலாருக்குக் கொடுப்பதில்லை. நாம் செய்யக்கூடியதெல்லாம், இந்தக் கோப்பை ஏற்றுக்கொள் என்று கேட்பது ஒன்றே. சம்மதித்துத் தன் கையால் தன் வட்டில் எழுதிக்கொள்வது சர்வரின் காரியம். பதிவேற்றம் என்று நாம் வழங்குவது உண்மையில் இரண்டு யந்திரங்களுக்கிடையே நடக்கும் ஒரு சம்பாஷணை. அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு விண்ணப்பமும் ஒரு சம்மதமும் இருக்கின்றன.

1971-இல் எழுந்த பிரச்னை

அந்தச் சம்பாஷணைக்கு இலக்கணம் வகுத்தவர் நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவராகப் பயின்று 1965-இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண் என்ற இளைஞர், 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற எண்ணுடைய குறிப்பொன்றை எழுதி வெளியிட்டார். இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட் வலையில் இணைந்திருந்த கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்புகளைக் கொடுத்து வாங்குவதற்கான விதிகள் அதில் இருந்தன. எஃப்.டி.பி. என்று இன்று உலகெங்கும் வழங்கும் கோப்பு மாற்ற நெறிமுறையின் தொடக்கம் அதுவே. நெறிமுறை என்றால், இரண்டு யந்திரங்கள் எந்த வரிசையில் எதைப் பேச வேண்டும் என்பதைப் பற்றிய உடன்படிக்கை என்று கொள்ளலாம்.

ஒரு கோப்பைப் பிரதியெடுக்க இத்தனை விதிகள் எதற்கு என்று கேட்பவர்கள், அன்றைய கணினிகளின் நிலைமையை எண்ணிப்பார்க்க வேண்டும். பி.டி.பி.-10 என்ற யந்திரம் எண்களை 36 துணுக்குகள் (பிட்டுகள்) கொண்ட தொகுதிகளாகக் கையாண்டது, ஐ.பி.எம். 360 என்ற யந்திரமோ 32 துணுக்குகளாகக் கையாண்டது. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தான ‘ஏ’யை ஆஸ்கி என்ற குறிமுறை 65 என்ற எண்ணால் குறிக்க, ஐ.பி.எம். யந்திரங்களில் பழக்கத்திலிருந்த எப்சிடிக் என்ற குறிமுறை அதே எழுத்தை 193 என்ற எண்ணால் குறித்தது. ஆகவே ஒரு யந்திரத்திலிருந்த கடிதத்தை அதன் எண்கள் மாறாமல் மற்றொன்றுக்குக் கொண்டுபோனால், அங்கே அது படிக்க முடியாத பிதற்றலாகிவிடும். எண்களை மாற்றிக் கொண்டுபோனாலோ, எழுத்தல்லாத வேறு தகவல்கள் சிதைந்துவிடும். எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பதை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டிய அவசியம் இப்படித்தான் பிறந்தது. அந்த முடிவின் சுவடு இன்றைய நெறிமுறையிலும் மறையாமல் இருக்கிறது. அதனால் விளையும் ஒரு தொல்லையைச் சற்றுப் பின்னால் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

பூஷண் இட்ட அஸ்திவாரத்தின்மேல் பலர் கட்டினார்கள். 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 959 என்ற ஆவணமே எஃப்.டி.பி.க்கு இன்றளவும் அடிப்படைப் பிரமாணம்.

பேசுவதற்கு ஒன்று, சுமப்பதற்கு ஒன்று

எஃப்.டி.பி.யின் அமைப்பில் மிகவும் விசேஷமானது, அது ஒரே சமயத்தில் இரண்டு இணைப்புகளை வைத்துக்கொண்டு வேலைசெய்வது. அறுவடை முடிந்த களத்தில் நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது, கணக்கப்பிள்ளை ஒரு பக்கம் நின்று இன்னார் மூட்டை இத்தனை என்று கூவிக் கணக்கெழுத, ஆட்கள் மற்றொரு பக்கத்தில் வாய் பேசாமல் சுமந்து செல்வதைக் கிராமத்தில் பார்த்திருப்போம். அது போலவே இங்கும் ஓர் இணைப்பு பேச்சுக்கு மட்டும் உரியது. கோப்பின் ஓர் எழுத்தும் அதன் வழியே போவதில்லை. மற்றோர் இணைப்பு சுமைக்கு மட்டும் உரியது. கட்டளையோ விடையோ ஒன்றும் அதன் வழியே போவதில்லை. முன்னதைக் கட்டுப்பாட்டு இணைப்பு என்றும் பின்னதைத் தரவு இணைப்பு என்றும் அழைப்போம்.

ஒரே கணினியில் பல சேவைகள் நடைபெறுவதால், எந்தச் சேவையை நாடி வந்தோம் என்பதைக் காட்ட ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதை வாயில் எண் என்று சொல்லலாம். எஃப்.டி.பி.யின் பேச்சு 21-ஆம் வாயிலில் நடக்கிறது. பேச்சுக்குத் தனி வழி வைத்ததில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது: பெரிய கோப்பொன்று பாதி தூரம் போய்க்கொண்டிருக்கையில் அதை நிறுத்து என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் கட்டளை கோப்பின் எண்களுக்கிடையே சிக்கிக்கொள்ளாமல் தன் வழியே போய்ச் சேரும்.

ஒரு படத்தைப் பின்தொடர்வோம்

ஊர் நூலகம் ஒன்றுக்கு இணையதளம் அமைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முகப்புப் பக்கத்தை உலகத்தார் முதலில் காணும்படி ‘இண்டெக்ஸ்’ என்ற வழக்கமான பெயரிலும், நூலகத்தின் படத்தை ‘நூலகம்.பி.என்.ஜி.’ என்று ஆங்கில எழுத்துக்களில் சூட்டிய பெயரிலும் சேமித்திருக்கிறோம். படத்தின் அளவு 6,00,000 பைட்டுகள். பைட் என்பது 0 முதல் 255 வரையிலுள்ள ஏதேனும் ஓர் எண். கணினியிலுள்ள எதுவும், படமாயினும் பாட்டாயினும், இத்தகைய எண்களின் நீண்ட வரிசையே. ஃபைல்ஸில்லா போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து அந்தப் படத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இழுத்துவிடுகிறோம். இனி நடப்பதைக் கவனிப்போம்.

21-ஆம் வாயிலில் நம் கணினி போய் நின்றதும் சர்வர் 220 என்கிறது. சேவைக்குத் தயாராக இருக்கிறேன் என்பது அதன் பொருள். ‘யூசர்’ என்ற கட்டளையோடு நம் பயனர் பெயர் போகிறது. 331 என்று பதில் வருகிறது, பெயர் சரி, கடவுச்சொல் எங்கே என்று அர்த்தம். ‘பாஸ்’ என்ற கட்டளையோடு கடவுச்சொல் போகிறது. 230 வந்தால் உள்ளே அநுமதி கிடைத்துவிட்டது, 530 வந்தால் கிடைக்கவில்லை. இந்த மூன்றிலக்க விடைகளில் முதல் இலக்கம் ஒன்றைக் கொண்டே காரியத்தின் கதியை அறிந்துவிடலாம்: 1-இல் தொடங்கினால் வேலை ஆரம்பமாகிவிட்டது, 2 நிறைவேறிவிட்டது, 3 இன்னும் ஏதோ வேண்டும், 4 இப்போது முடியாது ஆனால் பிறகு முயலலாம், 5 இப்படியே கேட்டால் எப்போதும் முடியாது. மென்பொருளின் மேல்பகுதியில் இந்த விடைகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைப் படிக்கக் கற்றவருக்குப் பதிவேற்றம் தடைப்படும்போது அதன் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்ததாகச் சுமைக்குரிய வழியைத் திறக்க வேண்டும். பழைய விதிப்படி, நம் கணினி தன் முகவரியைச் சொல்ல, சர்வரே நம்மை நோக்கி வந்து தரவு இணைப்பை ஏற்படுத்தும். எல்லோரும் எல்லோரையும் நம்பிய காலத்தில் அது நன்றாகவே நடந்தது. பிற்காலத்தில், வெளியிலிருந்து கேளாமல் வரும் இணைப்புகளை உள்ளே விடாமல் தடுக்கும் ஃபயர்வால்கள் எங்கும் எழுந்தபோது, சர்வரின் வரவும் அந்தத் தடையில் முட்டி நின்றது. ஆகவே ‘நீ வர வேண்டாம், எங்கே வர வேண்டும் என்று சொல், நானே வருகிறேன்’ என்று நம் கணினி கேட்கும் முறையே இன்று வழக்கமாகிவிட்டது. அதற்குச் செயலற்ற முறை என்று பெயர். சும்மா இருப்பது சர்வர் என்பதால் அந்தப் பெயர். அந்த விண்ணப்பத்துக்குச் சர்வர் 227 என்ற எண்ணோடு ஆறு எண்களைக் கொடுக்கிறது. முதல் நான்கு அதன் முகவரி. கடைசி இரண்டு 195, 80 என்று வந்தால், 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது 50,000. அந்த வாயிலில், நம் படத்துக்காகவே, சர்வர் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது ‘ஸ்டோர்’ என்ற கட்டளை படத்தின் பெயரோடு போகிறது. 150 என்ற பதில் வந்ததும் படம் புறப்படுகிறது. ஆனால் ஆறு லட்சம் எண்களும் ஒரே மொத்தையாகப் போவதில்லை. இணையத்தின் வழிகளில் சாதாரணமாக ஒரு பொதி 1,500 பைட்டுகளுக்கு மேற்படக் கூடாது. அதிலும் 40 பைட்டுகள் முகவரி முதலான விவரங்களுக்குப் போய்விட, சரக்குக்கு எஞ்சுவது 1,460. ஆகவே நம் படம் 411 பொதிகளாகப் பிரிகிறது. 410 பொதிகள் முழுமையானவை, கடைசிப் பொதியில் 1,400 பைட்டுகள் மட்டும். அவை எல்லாம் ஒரே பாதையில்தான் போக வேண்டும் என்ற நியதி இல்லை. முந்திப் புறப்பட்டது பிந்தி வரலாம், வழியில் தொலைந்தும் போகலாம். இருந்தும் படம் சிதையாமல் சேருவதற்குக் காரணம், தன்னுள் இருக்கும் முதல் பைட் மொத்த வரிசையில் எத்தனையாவது என்பதை ஒவ்வொரு பொதியும் தாங்கிச் செல்வதுதான். அந்த எண்ணைப் பார்த்துச் சர்வர் பொதிகளை வரிசைப்படுத்துகிறது. இதுவரை வந்து சேர்ந்ததைத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. தெரிவிப்பு வராத பொதியை நம் கணினி மீண்டும் அனுப்புகிறது. இந்தக் காவல் வேலை எஃப்.டி.பி.யினுடையதன்று, அதற்குக் கீழே நின்று உழைக்கும் டி.சி.பி. என்ற மற்றொரு நெறிமுறையினுடையது.

கடைசிப் பொதியும் போனபின் நம் கணினி தரவு இணைப்பை மூடிவிடுகிறது. கோப்பு முடிந்தது என்பதற்கு அந்த மூடலே அடையாளம். சர்வர் 226 என்கிறது. வந்து சேர்ந்துவிட்டது.

ஆயிரம் சிறு கோப்புகளின் தாமதம்

ஒரு கோப்புக்கு ஒரு தரவு இணைப்பு என்ற இந்த விதியிலிருந்து, பலரும் அநுபவத்தில் கண்டு வியக்கும் ஒரு விஷயம் விளங்குகிறது. பெரிய கோப்பொன்று சில நிமிடங்களில் போய்விடுகிறது; மொத்தத்தில் அதே அளவுள்ள ஆயிரம் சிறு கோப்புகளோ வெகுநேரம் இழுக்கின்றன. நம் ஊரிலிருந்து தொலைதேசச் சர்வருக்கு ஒரு சொல் போய் விடை வர கால் விநாடி ஆகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு கோப்புக்கும் வாயில் எண்ணைக் கேட்க ஒரு சுற்று, அந்த வாயிலில் இணைய ஒரு சுற்று, கோப்பின் பெயரைச் சொல்லிச் சம்மதம் பெற ஒரு சுற்று, அனுப்பி முடித்துச் சேர்ந்த செய்தியைக் கேட்க ஒரு சுற்று என நான்கு சுற்றுகள் வேண்டியிருப்பதால், கோப்பு எவ்வளவு சிறியதாயினும் ஒரு விநாடி கழிந்துவிடுகிறது. ஆயிரம் கோப்புகளுக்கு ஆயிரம் விநாடி. அதாவது பதினாறு நிமிடத்துக்கு மேல். இதில் பெரும்பகுதி காத்திருத்தலே. இணைய வேகத்துக்காக அதிகப் பணம் கொடுத்தாலும் இந்தத் தாமதம் தீராது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பி அங்கே பிரித்துக்கொள்வதும், இரண்டு மூன்று இணைப்புகளை ஒரே சமயத்தில் நடத்துவதுமே பரிகாரம்.

எட்டு எண்களின் காவல்

எழுத்தாகிய தகவலையும் எழுத்தல்லாத தகவலையும் வேறுபடுத்தும் பழைய வழக்கத்தைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதைக் காட்ட, விண்டோஸ் கணினிகள் 13, 10 என்ற இரண்டு எண்களை எழுதுகின்றன. பெரும்பாலான சர்வர்களில் இயங்கும் லினக்ஸ் 10 என்ற ஒன்றையே எழுதுகிறது. எழுத்து முறையில் அனுப்பும்படி எஃப்.டி.பி.யிடம் சொன்னால், அது இந்த வித்தியாசத்தை நமக்காகச் சரிசெய்து, 13, 10 என்று எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் 13-ஐ நீக்கிவிடும். கடிதத்துக்கு அது உபகாரம். படத்திலோ 13-உம் 10-உம் வரி முடிவைக் குறிப்பன அல்ல. ஏதோ ஒரு மூலையின் நிறத்தைப் பற்றிய தகவலாக இருக்கும். ஆறு லட்சம் எண்களுக்குள் அவை தற்செயலாக அடுத்தடுத்து வரும் இடங்களிலெல்லாம் ஓர் எண் களவுபோனால், படம் பாழாகிறது. நம் கணினியில் அழகாகத் தெரிந்த படம் சர்வரிலிருந்து பார்க்கும்போது உடைந்துபோய்த் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அபாயத்தை நன்கு அறிந்த சிலர், 1995-இல் பி.என்.ஜி. என்ற புதிய பட வடிவத்தை உருவாக்கத் தொடங்கியபோது, அதன் வாசலிலேயே ஒரு காவலை வைத்தார்கள். உலகிலுள்ள எந்தப் பி.என்.ஜி. படத்தை எடுத்தாலும் அதன் முதல் எட்டு எண்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றே இருக்கும். நடுவிலுள்ள 80, 78, 71 ஆகியவை அந்த வடிவத்தின் பெயரெழுத்துக்கள் மூன்று. அடுத்து வரும் 13, 10 என்ற ஜோடியில், யாரேனும் எழுத்து முறையில் அனுப்பியிருந்தால் 13 மறைந்து போயிருக்கும். மாற்றம் எதிர்த்திசையில் நடந்திருந்தால், கடைசியில் தனித்து நிற்கும் 10-க்கு முன் ஒரு 13 முளைத்திருக்கும். முதலில் நிற்கும் 137-க்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு பைட்டிலும் 127 வரையிலுள்ள எண்களை மட்டுமே மதித்து மேற்பட்டவற்றைக் குறைத்துவிடும் பழைய வழிகளில் சிக்கியிருந்தால், அந்த 137 வேறு எண்ணாகிக் காட்டிக்கொடுக்கும். எட்டு எண்களைப் பார்த்த மாத்திரத்தில், இந்தப் படம் வழியில் கெட்டது, இன்ன விதத்தில் கெட்டது என்பது தெரிந்துவிடுகிறது. கணினித் துறையில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தீர்க்கதரிசனத்தை வைத்த வேலைகள் சிலவே என்பது என் அபிப்பிராயம்.

தமிழ் எழுதுவோருக்கு இதில் தனி அக்கறை வேண்டும். யூடிஎஃப்-8 என்ற இன்றைய குறிமுறையில் ‘அ’ என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று எண்களாக எழுதப்படுகிறது. தமிழெழுத்துக்கள் அனைத்தும் இவ்வாறு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எண்களாகவே, அவையும் 127-க்கு மேற்பட்டனவாகவே இருக்கின்றன. ஆகவே படமோ பக்கமோ எதுவாயினும், எண்களை மாற்றாமல் உள்ளபடியே கொண்டுசெல்லும் இருமநிலை முறையில் அனுப்புவதே நமக்குப் பத்திரமான வழி.

சேர்ந்த பின்பும் தெரியாத படம்

படம் பழுதின்றிச் சேர்ந்தும் தெரியாமற் போவதுண்டு. விண்டோஸ் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிப்பிட்ட பெயர் கோப்பில் பெரிய எழுத்தில் இருந்தால், வீட்டில் தெரிந்த படத்துக்குப் பதிலாக, கோப்பு இல்லை என்று பொருள்படும் 404 என்ற விடையே சர்வரிலிருந்து உலாவிக்கு வரும். கோப்பைப் படிக்கும் உரிமை பொதுமக்களுக்கு அளிக்கப்படாவிட்டால், அநுமதி இல்லை என்று பொருள்படும் 403 வரும். உடையவர் எழுதவும் மற்றவர் படிக்கவும் இடந்தரும் 644 என்ற அமைப்பு கோப்புகளுக்குப் போதுமானது. எல்லோரும் எழுதலாம் என்று பொருள்படும் 777-ஐ அவசரத்துக்குக்கூட நாடாதிருப்பது நலம்.

ரகசியம் காத்தல்

எஃப்.டி.பி.யிடம் பெருங்குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எவ்வித மறைப்பும் இன்றி, உள்ளது உள்ளபடியே வலையில் போகின்றன. சர்வரின் சம்மதம் முழுவதும் அந்த ஒரு சொல்லைத்தான் நம்பியிருக்கிறது. அதையே வழியிலுள்ள எவரும் படித்துவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் சிலரே உபயோகித்த ஒரு வலைக்காகப் பிறந்த நெறிமுறை அது. அயலாரின் கண்ணுக்கு அஞ்ச வேண்டிய நிலை அன்று இல்லை.

1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையில் போகும் கடவுச்சொற்களை ஒளிந்திருந்து திருடும் தாக்குதல் ஒன்று நடந்தது. அதைக் கண்ட தத்து யூலோனென் என்பவர், பேச்சு முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற நெறிமுறையை இயற்றினார். எஃப்.டி.பி.யின் 21-க்கும், டெல்நெட் என்ற பழைய சேவையின் 23-க்கும் நடுவே காலியாயிருந்த 22 என்ற எண்ணைக் கேட்டு வாங்கித் தம் நெறிமுறைக்கு வாயிலாக வைத்தார். அதன் மேல் அமைந்த கோப்பு மாற்ற முறைதான் எஸ்.எஃப்.டி.பி. பெயர் ஒத்திருப்பினும் அது எஃப்.டி.பி.யின் மறுபதிப்பன்று, கடவுச்சொல்லும் கோப்பும் கட்டளையும் ஒரே இணைப்புக்குள், அயலார் படிக்க முடியாத உருவில் போகின்றன. 2021-இல் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய இரு உலாவிகளும் எஃப்.டி.பி.யைத் தம்மிலிருந்து அடியோடு நீக்கிவிட்டன.

ஆகவே இதைப் படிக்கும் வாசகர் எவரேனும் இன்றும் 21-ஆம் வாயில் வழியே மறைப்பின்றிக் கோப்புகளை அனுப்பிவருவாராயின், தம் ஹோஸ்டிங் நிறுவனத்தாரிடம் எஸ்.எஃப்.டி.பி. வசதியைக் கேட்டுப் பெற்று, இதுவரை வழங்கிவந்த கடவுச்சொல்லையும் உடனே மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.